சாரம் பிரிக்காத வீட்டில் மூன்று மாதம்: ஒரு டெவலப்மெண்ட் கிளையின் விமர்சனம்

டெவலப்மெண்ட் கிளை என்பது ஓர் இயங்குதளத்தின் அடுத்த வெளியீட்டை இன்னும் கட்டிக்கொண்டிருக்கும் இடம். முதலிலேயே அதற்கான மதிப்பெண்ணைச் சொல்லிவிடுகிறேன், நேரமில்லாதவர்கள் இத்தோடு கிளம்பிவிடலாம். அன்றாட வேலைக்கு வைத்திருக்கும் ஒரே கணினியில் போடுவதென்றால் ஐந்துக்கு ஒன்று. போனால் போகட்டும் என்று ஒதுக்கி வைத்த பழைய கணினியிலோ, கணினிக்குள் மென்பொருளாகவே ஓடும் விர்ச்சுவல் மெஷினிலோ போட்டு நோண்டுவதென்றால் ஐந்துக்கு நான்கு. இரண்டும் ஒரே பொருளுக்குத்தான். நான் முதல் வகையில் போட்டேன், மூன்று மாதம் தாக்குப்பிடித்தேன், அந்தக் கதைதான் இது.

எந்த இயங்குதளம் என்று பெயர் சொல்லப்போவதில்லை. நடந்ததில் பாதிக்கு மேல் என் கைவேலை, அதற்கு அவர்களைப் பெயர் சொல்லித் திட்டுவது நியாயமில்லை. தவிர, அவர்கள் எதையும் மறைக்கவும் இல்லை. டவுன்லோட் செய்யும் இடத்திலேயே ‘இது இன்னும் வெளியிடப்படவில்லை, உருவாக்குபவர்களுக்கும் சோதிப்பவர்களுக்கும் மட்டும்’ என்று போட்டிருந்தது. படித்தேன். படித்துவிட்டு, இது வேறு யாருக்கோ எழுதியது என்று நினைத்துக்கொண்டேன். பத்து வருடமாக டெர்மினலில் கை பழகிய எல்லோரும் இப்படித்தான் நினைப்போம் என்று நினைக்கிறேன்.

ஏன் போட்டேன் என்றால், புது லேப்டாப். நிலையான பதிப்பைப் போட்டால் வைஃபை எழவில்லை, மூடித் திறந்தால் திரை கருப்பாகவே நின்றது. புதிய கெர்னலில், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியில், இரண்டும் சரியாகிவிட்டதாகத் தெரிந்தது, ஆனால் அந்தக் கெர்னலோடு வரவேண்டிய அடுத்த வெளியீட்டுக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது. டெவலப்மெண்ட் கிளையில் அது ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை: டெபியன் என்ற லினக்ஸ் வகையில், புதிய மென்பொருளை நிலையான பதிப்புக்கு ஏற்றபடி கட்டித் தரும் பேக்போர்ட்ஸ் என்று ஒன்று உண்டு, இன்னொரு வகையான உபுண்டுவின் எல்டிஎஸ் எனும் நீண்டகாலப் பதிப்புகளுக்குப் புதிய வன்பொருளுக்காகவே தனிக் கெர்னல் தருகிறார்கள். அதாவது நிலையான பதிப்பை அப்படியே வைத்துக்கொண்டு கெர்னலை மட்டும் மாற்றலாம். நான் போட்டதிலும் அப்படி ஒரு வழி இருந்திருக்கிறது. கதவுக் கீல் சத்தம் போடுகிறது என்று வீட்டையே மாற்றின கதை என்னுடையது.

முதல் இரண்டு வாரம் பிரமாதம், அதை மறைக்க மாட்டேன். வைஃபை வந்தது, தூக்கத்திலிருந்து எழுந்தது, டெஸ்க்டாப் பளபளவென்று இருந்தது, தினமும் காலையில் அப்டேட் கொடுத்தால் நேற்று எழுதிய நிரல் இன்று நம் கணினியில் ஓடுகிறது. அதில் ஒரு போதை இருக்கிறது.

மூன்றாவது வாரம்தான் ஒன்று உறுத்தியது. பழைய லேப்டாப்பில் 11 நிமிடத்தில் முடியும் ஒரு கம்பைல், அதாவது நிரலைக் கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற்றும் வேலை, இதில் 19 நிமிடம் எடுத்தது. புதியது, கோர் இரண்டு மடங்கு, நினைவகம் இரண்டு மடங்கு, இருந்தும் 19. சூடு அதிகமாகி வேகம் குறைகிறதோ என்று பார்த்தேன், இல்லை. கெர்னல் செய்திகளைத் திறந்தால் அங்கே வேறு ஒரு உலகம் நடந்துகொண்டிருந்தது. இந்தப் பூட்டை அந்தப் பூட்டுக்கு முன்னால் எடுத்தாய், போன முறை வரிசை வேறாக இருந்தது, இது ஒருநாள் முட்டிக்கொண்டு நிற்கும் என்று பக்கம் பக்கமாக எச்சரிக்கை. பூட்டு என்பது இங்கே, ஒரே தரவை இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் தொடாமல் தடுப்பது.

இதுதான் தலைப்பில் சொன்ன சாரம். வெளியிடாத கிளையில் கெர்னலை, வழு தேடும் டீபக் வசதிகளை இயக்கியே கட்டுவது வழக்கம். ஒவ்வொரு பூட்டையும் யார் எந்த வரிசையில் எடுக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டே இருக்கும், கண்ட இடத்தில் நினைவகத்தைத் தொட்டால் பிடிக்கும், உள்ளே எதுவோ இருக்கவேண்டிய நிலையில் இல்லையென்றால் அங்கேயே நிறுத்திவிடும். ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் டெவலப்மெண்ட் கிளையான கரண்டில் விட்னஸ், இன்வேரியன்ட்ஸ் என்ற இரண்டு சோதனைகளும் இயல்பாகவே போடப்பட்டிருக்கும், வெளியீட்டுக்குத் தயாராகும்போதுதான் கழற்றுவார்கள். ஃபெடோரா என்ற லினக்ஸின் டெவலப்மெண்ட் கிளையான ராஹைடிலும் டீபக் போட்ட கெர்னல்கள் வருவதுண்டு. வேலை செய்பவர்களுக்குச் சாரம் வேண்டும், அது இல்லாமல் மேலே ஏறமுடியாது. நாம் அங்கே குடியேறிவிட்டு, நடக்க இடமில்லை, வெளிச்சம் வரவில்லை என்று புலம்பினால் யார் என்ன செய்யமுடியும்? டெவலப்மெண்ட் கிளையைப் போட்டு வேகத்தை அளந்து ‘புதிய பதிப்பு மெதுவாகிவிட்டது’ என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் இப்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வருகிறது. நானும் கிட்டத்தட்ட எழுதப்போனவன்தான்.

மெதுவாக இருந்ததோடு விட்டதா என்றால் இல்லை. ஒருநாள் காலை கடவுச்சொல்லைப் போட்டால் உள்ளே போவதுபோல் போய், மறுபடி கடவுச்சொல் கேட்கும் திரைக்கே வந்தது. மறுபடி போட்டேன், மறுபடி அதே திரை. ஐந்தாவது முறைக்குப் பிறகு கருப்புக் கன்சோலுக்குப் போய்ப் பார்த்தால் டிஸ்கில் ஒரு பைட் இடமில்லை. பதிவுக் கோப்பு ஒன்று மட்டும் 41 ஜிபி. வன்பொருளை இயக்கும் ஏதோ ஒரு டிரைவர் ராத்திரி முழுக்க ஒரே எச்சரிக்கையை நொடிக்கு நூற்றுக்கணக்கில் கத்தியிருக்கிறது, அதை எல்லாம் பதிவுசெய்யும் மென்பொருள் சலிக்காமல் எழுதியிருக்கிறது. நிலையான பதிப்பில் அந்த எச்சரிக்கையே அணைக்கப்பட்டிருக்கும்.

இரண்டாவது மாதம் நடந்தது முழுக்க என் தவறு. ராத்திரி பன்னிரண்டரை இருக்கும், தூங்கப்போகும் முன் ஒரு அப்டேட் கொடுத்தேன். திரையில் பெயர்களாக ஓடி, கடைசியில் 847 பேக்கேஜ் புதுப்பிக்கப்படும், 212 நீக்கப்படும், தொடரலாமா என்று கேட்டது. தினமும் கேட்கும் கேள்வி, தினமும் அழுத்தும் ஒய். விரல் அழுத்தி முடித்த பிறகுதான் கண் அந்த 212ஐப் படித்தது. அதற்குள் டெஸ்க்டாப் போய்விட்டது, நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் மென்பொருளும் போய்விட்டது. நெட் இருந்தால்தானே நீக்கியதைத் திரும்பப் போடமுடியும்? போனை யுஎஸ்பியில் மாட்டி அதன் நெட்டைக் கடன்வாங்கி, ஐபி முகவரியைக் கையால் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றாகத் திரும்ப ஏற்றும்போது மணி மூன்றரை.

ஏன் இப்படி நீக்கச் சொல்கிறது என்று அப்புறம் புரிந்தது. பல மென்பொருள்கள் பகிர்ந்துகொள்ளும் அடிப்படை நூலகம் ஒன்றின் பெயரோ வடிவமோ மாறினால், அதைச் சார்ந்த அத்தனையையும் மறுபடி கட்டியாக வேண்டும். எல்லாம் ஒரே நாளில் கட்டி முடியாது. பாதி புதியதும் பாதி பழையதுமாகக் கிடக்கும் அந்த இடைவெளியில், இரண்டும் ஒன்றாக இருக்கமுடியாது என்று பேக்கேஜ் மேலாளர் கணக்குப் போட்டு, ஒன்றைத் தூக்கச் சொல்லும். கணக்கு சரிதான், விடைதான் நமக்கு ஆகாது. 2024இல் டெபியன், 2038ஆம் ஆண்டில் 32 பிட் நேரக் கணக்கு நிரம்பி வழியும் பிரச்சினைக்காக நேரத்தை 64 பிட்டுக்கு மாற்றியபோது, ஏகப்பட்ட நூலகங்களின் பெயர் மாறி, அவர்களுடைய அன்ஸ்டேபிள் கிளையில் வாரக்கணக்கில் இதே கூத்துதான். அந்தக் கிளைக்கு சிட் என்று பெயர், கார்ட்டூன் படம் ஒன்றில் பொம்மைகளை உடைத்துப்போடும் பக்கத்து வீட்டுப் பையனின் பெயர். பெயர் வைத்தவர்கள் நேர்மையானவர்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் எனக்குப் பெரிய குறையே இல்லை. உடையும், ராத்திரி விழித்திருந்து ஒட்டுவோம், காலையில் பெருமையடித்துக்கொள்வோம். ஒரு நட்சத்திரத்துக்கு மேல் கொடுக்க மனம் வராததற்குக் காரணம் வேறு. சரி, போதும், நிலையான பதிப்புக்கே திரும்பிவிடலாம் என்று முடிவெடுத்த அன்றுதான் அது தெரிந்தது.

திரும்பும் வழி என்று ஒன்று இல்லை. மேலே ஏற்றுவதற்குத்தான் பேக்கேஜ் மேலாளர்களைக் கட்டியிருக்கிறார்கள், இறக்குவதை யாரும் சோதிப்பதில்லை, அதற்கு ஆதரவும் இல்லை. அதனால் சுத்தமாக மறுபடி நிறுவினேன், என் கோப்புகள் தனியாக இருக்கின்றன, அப்படியே மாட்டிக்கொள்ளலாம் என்ற தைரியத்தில். பிரவுசரைத் திறந்தால், உன் புரொஃபைலைப் புதிய பதிப்பு ஒன்று பயன்படுத்தியிருக்கிறது, நான் பழையவன், தொடமாட்டேன் என்றது. மின்னஞ்சல் மென்பொருளும் அதையே வேறு வார்த்தையில் சொன்னது. வேலைக்கு வைத்திருந்த டேட்டாபேஸ், இந்தத் தரவு என்னைவிடப் பெரிய பதிப்பு தொடங்கியது என்று ஒரு வரி எழுதிவிட்டுப் படுத்துக்கொண்டது. ஒவ்வொன்றும் தன்னளவில் சரியாகத்தான் நடந்துகொள்கிறது. பழைய மென்பொருள் புதிய வடிவத்துக் கோப்பில் குருட்டாம்போக்கில் எழுதினால் இன்னும் மோசமாகும்.

இவற்றை எல்லாம் ஒப்பேற்றிவிடலாம், என் கோப்புகள் இருந்த இடத்துக்கு வாருங்கள். நான் இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறையைப் பயன்படுத்துகிறேன், அது டிஸ்குகளைத் தொகுப்புகளாக வைத்துக்கொள்ளும். இரண்டாவது மாதத்தில் ஒருநாள் அதன் நிலையைப் பார்த்தபோது, இந்தத் தொகுப்பில் சில புதிய அம்சங்கள் இயக்கப்படாமல் இருக்கின்றன, மேம்படுத்தினால் இயக்கலாம் என்று காட்டியது. அதற்குக் கீழேயே, அப்படிச் செய்தால் அந்த அம்சங்கள் தெரியாத மென்பொருளால் இதைத் திறக்க முடியாமல் போகலாம் என்றும் இருந்தது. முதல் வரியைப் படித்த வேகத்தில் இரண்டாவது வரியைத் தாண்டினேன். மேம்படுத்தும் கமாண்டோடு, எல்லாத் தொகுப்புகளையும் சேர்த்துச் செய் என்று பொருள்படும் அந்த ஒற்றை எழுத்தையும் போட்டேன். அப்போது பேக்கப் எடுக்கும் வெளி டிஸ்க்கும் மாட்டியிருந்தது.

நிலையான பதிப்பு லேப்டாப்பில் இருந்த தொகுப்பைத் திறக்கமாட்டேன் என்றபோது எனக்குப் பதற்றமே இல்லை, பேக்கப்தான் இருக்கிறதே. அதை மாட்டினேன். அதே பதில், அதே வார்த்தைகள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் என்பார்களே, அது இதுதான். மேசையில் நல்லபடியாக இரண்டு பிரதி இருக்கிறது, ஒரு பைட்கூட அழியவில்லை, ஆனால் உலகத்தில் இன்னும் வெளியிடப்படாத ஒரு மென்பொருளால் மட்டும்தான் இரண்டையும் படிக்க முடியும். கடைசியில் டெவலப்மெண்ட் கிளையையே ஒரு பென் டிரைவில் போட்டு, அதிலிருந்து பூட் செய்து, இரவல் வாங்கிய இன்னொரு டிஸ்கில் சாதாரணக் கோப்பு முறையை உருவாக்கி, 600 ஜிபியையும் அதில் நகலெடுத்தேன். சனிக்கிழமை காலையில் தொடங்கி ஞாயிறு மதியம் முடிந்தது. அன்றைய தேதிக் கிளை பூட் ஆனது என் அதிர்ஷ்டம், அதற்கு முந்தைய நாள் கட்டியது பூட் ஆகவில்லை.

எனக்கு நடந்தது கண்ணுக்குத் தெரிந்த சேதம். கண்ணுக்கே தெரியாமல் நடப்பவற்றைப் பிறகு தேடிப் படித்தபோதுதான் உண்மையில் வயிற்றைக் கலக்கியது. 2014 அக்டோபரில் ஃப்ரீபிஎஸ்டி கரண்ட் கிளையில் ஒரு மாற்றம் நுழைந்தது, அதன் பிறகு சாவிகளை யாரும் ஊகிக்கமுடியாதபடி ஆக்க உதவும் கெர்னலின் சமவாய்ப்பு எண் உருவாக்கி, சரியான தொடக்க மதிப்பு, அதாவது விதை, போடப்படாமலேயே ஓடியது. 2015 பிப்ரவரியில்தான் கண்டுபிடித்தார்கள். இடைப்பட்ட ஏறக்குறைய நான்கு மாதத்தில் அந்தக் கிளையில், தொலைவிலிருக்கும் கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்சுக்கோ வேறு எதற்கோ சாவி உருவாக்கியவர்கள் எல்லோரும் அதைத் தூக்கிப்போட்டுப் புதிதாக உருவாக்கச் சொல்லப்பட்டார்கள். யோசித்துப் பாருங்கள். கணினி ஒருமுறைகூட முடங்கவில்லை, எந்த எச்சரிக்கையும் இல்லை, எல்லாம் சரியாக நடந்தது, பூட்டு மட்டும் பொம்மைப் பூட்டு. இயங்குதளத்தை மாற்றிய பிறகும் அந்தச் சாவி வேறு சர்வர்களில் உட்கார்ந்திருக்கும்.

லினக்ஸ் பக்கமும் சளைத்ததில்லை. 2021இல் 5.12 கெர்னலின் முதல் சோதனைப் பதிப்பில், ஸ்வாப்புக்கு, அதாவது நினைவகம் போதாதபோது டிஸ்கில் பயன்படுத்தும் இடத்துக்கு, தனிப் பார்ட்டிஷன் வைக்காமல் கோப்பு வைத்திருந்தவர்களின் கணினியில், ஸ்வாப் தரவு அந்தக் கோப்புக்குள் போகாமல் டிஸ்கில் வேறு ஏதோ இடத்தில் போய் எழுதப்பட்டது, கோப்பு முறையே சிதைந்தது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அந்தப் பதிப்பின் பெயரிலேயே ‘பயன்படுத்தாதே’ என்று ஒட்டும்படி ஆகிவிட்டது. 2008இல் நடந்தது இன்னும் ஒரு படி மேல். 2.6.27இன் சோதனைக் கெர்னல்கள் சில இன்டெல் நெட்வொர்க் சில்லுகளின் உள் நினைவகத்தையே அழித்துவிட்டன, கார்டு செத்தது. நெட்வொர்க் டிரைவரைக் குடைந்து பார்த்தவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, ஏனென்றால் குற்றவாளி வேறு: கெர்னலுக்குள் நடப்பதைத் தடமறிய வைத்த ஒரு டீபக் வசதி, எழுதக்கூடாத முகவரியில் எழுதியிருக்கிறது. சாரத்திலிருந்து விழுந்த கல்தான் மண்டையை உடைத்தது. மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி போட்டுக்கொள்ளலாம் என்பதுதானே நம் எல்லோருடைய கடைசி ஆறுதல், அதுவும் எப்போதும் செல்லாது.

பாதுகாப்பு என்று வந்தால் இன்னொரு தப்புக்கணக்கு உண்டு, எனக்கும் இருந்தது. புதியதுதான் பாதுகாப்பானது, ஓட்டைகளை முதலில் அங்கேதான் அடைப்பார்கள் என்று. பாதி உண்மை. ஆனால் ஓட்டையும் முதலில் அங்கேதான் வருகிறது. 2024இல் எக்ஸ்இசட் என்ற சுருக்குமென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளுக்குள் பின்வாசல் வைத்தார்களே, அது போய்ச் சேர்ந்த இடங்களைப் பாருங்கள்: டெபியனின் டெஸ்டிங்கும் அன்ஸ்டேபிளும், ஃபெடோரா ராஹைட், இப்படி முன்னால் ஓடுகிறவர்களிடம்தான். டெபியனின் நிலையான பதிப்பில் இருந்தவர்கள் பழைய எக்ஸ்இசட்டோடு நிம்மதியாகத் தூங்கினார்கள். டெபியன் டெஸ்டிங் போன்ற நடுக்கிளைகளில் இன்னொரு சிக்கல். புதிய பேக்கேஜ் எதுவும் அன்ஸ்டேபிளில் சில நாள் காத்திருந்துதான் அங்கே வரும், ஓட்டை அடைக்கும் அப்டேட்டும் சில நேரம் அந்த வரிசையில் நிற்கும். அதாவது நிலையான பதிப்புக்குத் தீர்வு வந்துவிடும், நமக்கு வந்திருக்காது.

போனில் கஸ்டம் ராம், அதாவது வெளியார் கட்டிய ஆண்ட்ராய்டு, போடுகிறவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஆண்ட்ராய்டின் மூல நிரலோடு சோதனைக்கென்று கையொப்பச் சாவிகள் வருகின்றன, அவை ஊருக்கே தெரிந்த சாவிகள். வெளியீட்டுக்குத் தயாராகாத ராமை அந்தச் சாவியாலேயே கையொப்பமிட்டு விட்டிருந்தால், அதே சாவியை வைத்து யார் வேண்டுமானாலும் இயங்குதளத்தின் சொந்தச் செயலி மாதிரி ஒன்றைச் செய்து அனுப்பலாம், போன் நம்பிவிடும். வங்கிச் செயலி ஓடவில்லை என்று புலம்புவதற்கு முன் அந்த ராம் எந்தச் சாவியில் கட்டியது என்று ஒருமுறை பாருங்கள்.

இவ்வளவு திட்டிவிட்டு இரண்டாவது மதிப்பெண்ணுக்கு ஏன் நான்கு என்று கேட்பீர்கள். எக்ஸ்இசட் பின்வாசலைப் பிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸை உருவாக்குபவர்களில் ஒருவர். அவர் அதைப் பிடித்தது டெபியன் அன்ஸ்டேபிளில்தான், எஸ்எஸ்ஹெச் நுழைவு வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக எடுக்கிறதே என்று நோண்டப்போய். யாருமே அந்த வீட்டில் குடியிருக்கவில்லை என்றால் அது அப்படியே நிலையான பதிப்புகளுக்கு நடந்து வந்திருக்கும். நிலையான பதிப்பும் கோயில் சிலை இல்லை. 2023 டிசம்பரில் டெபியன் 12.3 வெளிவரவேண்டிய நேரத்தில், அதில் இருந்த கெர்னல் எக்ஸ்ட்4 கோப்பு முறையில் தரவைக் கெடுக்கிறது என்று தெரிந்து, அதை நிறுத்திவிட்டு அடுத்த நாளே 12.4ஐ விட்டார்கள். அங்கே ஒரு குழு உட்கார்ந்து, நிறுத்து என்று சொல்வதற்கு வேலை செய்கிறது. டெவலப்மெண்ட் கிளையில் அப்படிச் சொல்லவேண்டிய ஆள் நாம்தான். அரை நொடி கூடுதலானால் ஏன் என்று தோண்டும் புத்தியும் நேரமும் இருந்தால் தாராளமாகப் போங்கள், உங்களை மாதிரி ஆட்கள் அங்கே தேவை. நான் மூன்று மாதத்தில் கொடுத்த வழு அறிக்கை மொத்தம் ஒன்று, அந்த 41 ஜிபி டிரைவரைப் பற்றி. அதற்கு இரண்டே நாளில் பதில் வந்தது, மரியாதையாக, எந்த மாற்றத்தால் தொடங்கியது என்று பாதிப் பாதியாகப் பிரித்துத் தேடிச் சொல்லமுடியுமா என்று. 19 நிமிடக் கம்பைலை எத்தனை முறை ஓட்டுவது என்று சோம்பல்பட்டு நான் செய்யவில்லை.

இப்போது அந்தக் கிளை என்னிடம் ஒரு விர்ச்சுவல் மெஷினில் ஓடுகிறது. வாரம் ஒருமுறை அப்டேட் கொடுப்பதற்கு முன், கெட்டால் திரும்பிவர ஒரு ஸ்னாப்ஷாட், நீக்கப்படும் எண்ணிக்கை பூஜ்யத்தைத் தாண்டினால் கையை எடுத்துவிட்டு அடுத்த வாரம். என் கோப்புகள் எதுவும் அதற்குள் இல்லை, சாவி எதையும் அதில் உருவாக்குவதில்லை. லேப்டாப்பில் நிலையான பதிப்பு, புதிய கெர்னல் மட்டும் மேலே, வைஃபைக்கு ஒரு குறையும் இல்லை.

நான் காத்திருக்க முடியாமல் தவித்த அந்த வெளியீடு சொன்ன மாதத்திலேயே வந்தது. வந்து மூன்று வாரம் கழித்துத்தான் போட்டேன். அப்போது பேக்கப் டிஸ்க்கைக் கழற்றி மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டேன்.